முடியாது என்று ஹரிணி சொன்னாள்

எங்கள் கல்லூரியின் கட்டடக்கலைத் துறை ஒரு மலர் கொண்டுவரப் போகிறதாம். அங்கே இப்போது பாடம் நடத்தும் ரவின் போன மாதம் போன் செய்தான்.

"மிஸ், உங்க அனுபவத்த ஒரு கட்டுரையா எழுதிக் கொடுங்க. கொஞ்சம் ஹேப்பியா இருந்தா நல்லாருக்கும்லா."

சரி என்றேன். பேச்சுவாக்கில், மாணவர்களின் திட்ட அறிக்கைகள் இப்போது எப்படி வருகின்றன என்று விசாரித்தேன்.

"ஃபார்மட்ட மாத்திட்டாங்க மிஸ். 'வடிவமைப்பின் வரம்புகள்'னு ஒரு பகுதி இருந்துச்சே, அத எடுத்துட்டாங்க. இப்ப 'எதிர்கால வாய்ப்புகள்'னு போட்டிருக்கு."

போனை வைத்த பிறகு அந்த இரண்டு தலைப்புகளையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஆகவே ரவின், மகிழ்ச்சியாக எழுத என்னால் ஆகாது. நடந்ததை எழுதுகிறேன். மலரில் போட மனமிருந்தால் போடு, இல்லையென்றால் விடு.

நான் புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா ஆலையில் கொதிகலன் பார்த்தார். படித்துக் கட்டுமானப் பொறியாளர் ஆனேன். அதற்குப் பட்ட பாட்டை எழுதினால் எல்லோரும் எழுதுவதைப் போலத்தான் இருக்கும். அதனால் அதை விட்டுவிடுகிறேன். கற்றது என்று சொல்வதானால் அது ஷா ஆலாமில், கட்டடங்களுக்குக் கண்ணாடி முகப்புப் போடும் ஒரு நிறுவனத்தில், மிஸ்டர் லிம்மின் மேசைக்கு முன்னால் கற்றதுதான்.

மிஸ்டர் லிம் வரைபடத்தை வாங்கியதும் கணக்கைப் பார்க்க மாட்டார். சிவப்புப் பென்சிலை எடுத்து, ஏதாவது ஒரு கண்ணாடியின் மேல் பெருக்கல் குறி போடுவார். எதன் மேல் போடுவார் என்று நமக்குத் தெரியாது. போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "சுடா பெச்சா. லெப்பாஸ் இத்து?" என்பார். உடைந்துவிட்டது, அப்புறம்? அவ்வளவுதான் கேள்வி. உடையாது சார், கணக்குப்படி தாங்கும் என்று சொன்னால் வரைபடத்தைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவார். அது உடைந்த பிறகு பாரம் எங்கே போகும், பக்கத்துக் கண்ணாடி அதை வாங்குமா, கீழே யார் நிற்பார்கள், அவர்கள் ஓட நேரம் இருக்குமா, இதையெல்லாம் சொன்னால்தான் கையெழுத்து. அந்த நாற்காலிக்கு முன்னால் நான் அழுதிருக்கிறேன். ஒருமுறை டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, நான் முடிக்கும் வரைக்கும் காத்திருந்து, மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார்.

ஒரு நாள் உச்சி வெயிலில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் வாசல் கூரையில் ஒரு கண்ணாடி தானாக வெடித்தது. டெம்பர் செய்த கண்ணாடி. சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கியது. அது உடைந்தால் கல்கண்டு மாதிரி பொடிப்பொடியாகிவிடும். மிஸ்டர் லிம் அந்தப் பொடியை ஒரு வாளியில் அள்ளி வந்து எங்கள் நடுவில் வைத்தார். என்ன பட்டிருக்கும் என்று கேட்டார். பறவை என்றோம், லோரி அதிர்வு என்றோம், யாராவது கல் விட்டிருப்பார்கள் என்றோம்.

"எதுவும் படவில்லை" என்றார். "தயாரிக்கும்போதே உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் மாட்டியிருக்கும். அது மெதுவாக வீங்கும். இரும்பு வளையும், முனகும், துருப்பிடித்துக் காட்டும். கண்ணாடி நல்லவன் மாதிரி நின்றுகொண்டே இருக்கும். நின்றுகொண்டே போய்விடும்."

அங்கே பல வருடம் வேலை செய்துவிட்டுத்தான் கல்லூரிக்குப் போனேன். மாணவர்கள் வரையும் கட்டடம் நிற்குமா என்று பார்த்துச் சொல்லும் தொழில்நுட்ப ஆலோசகர் வேலை, வருடா வருடம் ஒப்பந்தம். எங்கள் துறைத் தலைவரின் பெயரை எழுதப் போவதில்லை. அவரை எல்லோரும் டாக்டர் என்போம். குரலை உயர்த்தவே மாட்டார். மேசையில் புதினா மிட்டாய் டப்பா ஒன்று இருக்கும். ஒருவர் கேட்டதை மறுக்கப் போகிறார் என்றால் முதலில் டப்பாவைத் திறந்து நீட்டுவார். மாணவர் தாளில் 'முடியாது' என்று இருந்தால் ரப்பரால் அழிப்பார், துகளை மென்மையாக ஊதிவிடுவார், அந்த இடத்தில் 'மேலும் ஆராயலாம்' என்று அழகான கையெழுத்தில் எழுதுவார். நல்ல மனிதர் என்று நானும் சில காலம் நினைத்திருந்தேன்.

ஹரிணி என் ஊர்ப் பெண். தோட்டத்தை விற்றபோது தொழிலாளர்களுக்கென்று கட்டிய தாமான் குடியிருப்பு வீடுகளில் வளர்ந்தவள். அப்பா லோரி ஓட்டினார். அம்மா பாசிர் பெனம்பாங்கில் மீன் கழுவும் கொட்டகையில் வேலை. இறுதியாண்டுத் திட்டத்துக்கு அவள் ஒரு பஸ் நிழற்கூடம் வரைந்தாள். தூண் கண்ணாடி, விட்டம் கண்ணாடி, கூரையும் கண்ணாடி. இணைப்புகளில் இருக்கும் போல்ட்டும் தகடும்தான் இரும்பு.

"இவ்ளோ கண்ணாடி எதுக்கு?" என்று நான் எரிச்சலாகவே கேட்டேன். அழகுக்காக என்று சொல்லியிருந்தால் அங்கேயே விரட்டியிருப்பேன்.

"நான் படிச்ச காலத்துல பஸ்ஸுக்கு நின்ன எடத்துல மூணு பக்கமும் சுவர் மிஸ். ஒரு நாளு ஒரு ஆளு உள்ள வந்து நின்னுட்டான். ரோட்டுல அத்தன பேரு போனாங்க, யாருக்கும் நான் தெரியல. உள்ள நிக்கற பொண்ணு வெளிய இருக்கறவங்களுக்குத் தெரியணும். அதுக்குத்தான்."

அதற்குப் பிறகு நான் மறுபேச்சுப் பேசவில்லை. அவள் மாய்ந்து மாய்ந்து வேலை செய்தாள்.

இறுதி மதிப்பீட்டில் வெளியிலிருந்து ஒரு மூத்த கட்டடக்கலைஞர் வந்திருந்தார். துறையே உட்கார்ந்திருந்தது. ஹரிணி கடைசிப் படத்தைப் போட்டாள். அதன் தலைப்பு 'இது எதையெல்லாம் செய்யாது'.

அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "இந்தக் கூடம் நம்ம காலேஜ் முற்றத்துல, மண்ணுக்குள்ள ஆழமா பைல் தூண் அடிச்ச தளத்து மேல, மாணவர் கண்காட்சி முடியற வரைக்கும் நிக்கத்தான். அதுக்கப்புறம் கழட்டிடணும். எங்க ஊரு களிமண்ணு எறங்கிட்டே இருக்கும். எங்க வீட்டு அடுப்படி ஹால விட்டு விலகிப் போயிட்டே இருக்கு. எங்கம்மா வெடிப்புல சிமெண்டு பூசிட்டே இருக்காங்க. செங்கல் வீடு அதத் தாங்குது. கண்ணாடி தாங்காது. ஒரு மூல எறங்கினா போதும், போல்ட் ஓட்டைல வெடிக்கும். ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒட்டற பிளாஸ்டிக் படலம் பொடிய கொஞ்ச நேரம் புடிச்சிருக்கும். ஆனா நம்ம வெயிலுக்கு அது இளகிடும். அப்ப கூரையே தொங்கி விழும். முடியாதுன்னு தெரிஞ்சத முடியாதுன்னு சொல்லிடறேன்."

பலர் கை தட்ட, அந்த மூத்தவர் எழுந்து நின்றே தட்டினார். தன் வேலை எந்த இடத்தில் முடிகிறது என்று தெரிந்து சொல்கிற மாணவியை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். எங்கள் டாக்டரும் புன்னகை செய்தார்.

"வெரி குட் ஹரிணி. கடைசிப் பக்கம் மட்டும் கொஞ்சம் நெகட்டிவ்வா இருக்கு. நம்ம டிசைன்ல இருக்கற குறைய நாமளே சொல்லலாமா?"

இந்த இடத்தில்தான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அது குறை இல்லை. வரம்பு வேறு, குறை வேறு. படகு ரோட்டில் ஓடாது என்பது படகின் குறையா? இந்த வித்தியாசம் தெரியாதவர் ஒரு துறையைப் பத்து வருடத்துக்கு மேல் நடத்தினார்.

ஒரு கண்ணாடித் தொழிற்சாலை பொருள் கொடுத்து உதவ முன்வந்தது. கூடத்தை முற்றத்தில் எழுப்பினோம். சும்மா சொல்லக் கூடாது, காலை வெயிலில் அது நிற்பதை நானே சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். கண்காட்சிப் புத்தகத்தில் ஹரிணியின் படங்கள் எல்லாம் வந்தன, கடைசிப் படத்தைத் தவிர.

திறப்பு விழாவுக்கு ஒரு வை.பி. வந்தார். எங்கள் பக்கத்து மக்கள் பிரதிநிதி. சுற்றிப் பார்த்துவிட்டு, "இத ஒரு தமிழ்ப்பள்ளிக்குக் கொடுத்துடலாமே, பிள்ளைங்க பஸ்ஸுக்கு வெயில்ல நிக்குதுங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பள்ளி எது என்றும் அங்கேயே முடிவானது. புக்கிட் ரோத்தானுக்கு அருகில், ஹரிணி படித்த அதே பள்ளி. நான் ஹரிணியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மட்டும் கை தட்டவில்லை.

அடுத்த நாளே டாக்டரின் அறைக்குப் போனேன்.

"டாக்டர், அந்த மண்ணுல இத வைக்க முடியாது. ஹரிணி எல்லார் முன்னாடியும் சொன்னா. நீங்களும் உட்கார்ந்து கேட்டீங்க."

"கீழ ஒரு காங்க்ரீட் தளம் போடறாங்க சரோஜா."

"தளமே எறங்கும். பைல் வேணும். மொதல்ல மண்ணத் துளைச்சுப் பாக்கணும்."

"அதுக்கெல்லாம் நேரம் இல்ல. வை.பி. தேதி கொடுத்துட்டாரு."

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

டப்பாவைத் திறந்து நீட்டினார். "பரவால்ல. வேற எஞ்சினியர் இருக்காங்க. நீங்க ரொம்ப வொர்ரி பண்றீங்க."

வேறு எஞ்சினியர் இருந்தார். எங்கேயும் இருப்பார். அவர் அந்த மண்ணை வந்து பார்க்கக்கூட இல்லை. கல்லூரி மேலிடத்துக்கு எழுதினேன். என் அக்கறைக்கு நன்றி என்று பதில் வந்தது. உள்ளூர் மன்றத்துக்குப் போனேன். பள்ளி வளாகத்துக்குள் இருக்கும் தற்காலிக அமைப்பு, நாங்கள் தலையிட முடியாது என்றார்கள். கூடம் லோரியில் ஏறி ஊருக்குப் போனது. நாதஸ்வரம் வைத்துத் திறந்தார்கள்.

ஹரிணியும் நானும் தலைமையாசிரியரைப் பார்க்கப் போனோம். கோமதி டீச்சர் என்று பெயர். ஹரிணி சொன்னதைக் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எனக்குக் கட்டடம் தெரியாது. ஆனா நீ பொய் சொல்ல மாட்டேன்னு தெரியும். உனக்கு ஒண்ணாம் வகுப்பு எடுத்தவ நான்" என்று ஹரிணியிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வை.பி. கொடுத்தத வேணாம்னு சொன்னா, நாளைக்குக் கூரை ஒழுகுதுன்னு யாருகிட்ட போய் நிப்பேன், சொல்லுங்க டீச்சர்?"

இப்படி ஒரு பெண்ணை இந்த நிலையில் கொண்டுபோய் நிறுத்தினார்களே என்று ஆத்திரம் வந்தது.

அவரே வழி கண்டுபிடித்தார். மறுவாரம் கூடத்துக்குள் காகிதப்பூச் செடித் தொட்டிகளை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் நெருக்கமாக அடுக்கிவிட்டார். ஒரு பிள்ளை நுழைய இடமில்லை. சுற்றிலும் மூங்கில் வேலி வேறு. கேட்டவர்களுக்கு 'அழகுபடுத்தறோம்' என்று சொன்னார். பிள்ளைகளை ரோட்டோர மரத்தடியில் வரிசையாக நிற்க வைத்தார். பெற்றோர் சும்மா இருப்பார்களா? பூச்செடிக்குக் கண்ணாடி வீடு, எங்க பிள்ளைக்கு வெயிலா என்று வாட்சப் குழுவில் கிழித்தார்கள். பெற்றோர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் அவர் முகத்துக்கு நேராகவே திட்டினாராம். வாயைத் திறந்து காரணம் சொன்னால் வை.பி. அலுவலகத்துக்குப் போகும். அதனால் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

ஹரிணி வீட்டுக்கு வரும்போதெல்லாம் தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயை எடுத்துக்கொண்டு போய்த் தளத்தின் நான்கு மூலைகளையும் பார்ப்பாள். வாய்க்கால் பக்கத்து மூலை இறங்கிக்கொண்டே இருந்தது. போட்டோ எடுத்து அனுப்புவாள், நான் டாக்டருக்கு அனுப்புவேன். கும்பிடும் கை ஒன்று பதிலாக வரும்.

அந்த வருடம் மழை தள்ளிப்போய்க் களிமண் காய்ந்து பிளந்தது. பள்ளி விடும் நேரம், நல்ல வெயில். மரத்தடியில் பிள்ளைகள் வரிசையில் நிற்க, கோமதி டீச்சர் முன்னால் நின்றிருக்கிறார். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் ஒரு விட்டம் முழுக்க வெடிப்பு ஓடிப் பால் வெள்ளையாகிவிட்டது. அடுத்து இன்னொன்று. பிறகு கூரை, நனைந்த பாய் மாதிரி மெதுவாகத் தொங்கிக் கீழே வந்து, தொட்டிகளின் மேல் அப்படியே விழுந்தது. ஹரிணி அன்றைக்கு எல்லார் முன்னாலும் சொன்ன அதே வரிசையில்.

கோமதி டீச்சர் எனக்கு போன் செய்தார். "சரோஜா டீச்சர், விழுந்திருச்சு. பிள்ளைங்க எல்லாம் இருக்காங்க. எண்ணிட்டேன்." மூச்சு வாங்கியது. "இருங்க, இன்னொரு தடவ எண்ணிக்கறேன்."

கல்லூரியில் விசாரணைக் கூட்டம் வைத்தார்கள். டாக்டர் முதலில் சொன்னது, "நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகல." அதையே வரிசையாக எல்லோரும் சொன்னார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு பெண்மணி ஊர் முழுக்கத் திட்டு வாங்கி அந்தப் பிள்ளைகளை உள்ளே விடாமல் தடுத்ததால் ஆகவில்லை என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. பிறகு முடிவு சொன்னார்கள். மாணவியின் அனுபவமின்மையால் வடிவமைப்பில் குறை நேர்ந்துவிட்டது. கண்ணாடி கொடுத்த தொழிற்சாலைக்கு மாணவி வருத்தம் தெரிவிப்பது நல்லது.

ஹரிணியையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். அவள் அவரை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"நான் எதுக்கு வருத்தம் தெரிவிக்கணும் டாக்டர்? எங்க நிக்காதுன்னு சொன்னேனோ அங்க நிக்கல. நான் டிசைன் பண்ணது சரியா இருக்குன்னுதான் அர்த்தம்."

"ஹரிணி, நாம எமோஷனலா பேச வேணாம்" என்று அவர் கை டப்பாவை நோக்கிப் போனது.

நான் எழுந்தேன். என் வாழ்க்கையில் ஒரு கூட்டத்தில் நான் கத்தியது அன்றைக்கு மட்டும்தான். "அந்த டப்பாவ மூடுங்க! அந்தப் பிள்ளைங்கள்ல ஒண்ணு செத்திருந்தா அந்தத் தாய்க்கும் மிட்டாய்தான் நீட்டுவீங்களா?" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். தமிழில், மலாயில், வாய்க்கு வந்த எல்லாவற்றிலும். எல்லோரும் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டார்கள். அதுதான், டாக்டரின் புன்னகையைவிட எனக்கு அதிகம் வலித்தது. அவர்களில் பாதிப் பேர் அன்றைய மதிப்பீட்டில் அவள் பேசி முடித்ததும் கை தட்டியவர்கள்.

ஹரிணி வருத்தம் தெரிவிக்கவில்லை. மதிப்பெண்ணை மறுபரிசீலனை என்று நிறுத்திவைத்து இழுத்தடித்தார்கள். அன்றைக்கு எழுந்து நின்று கை தட்டிய அந்த மூத்த கட்டடக்கலைஞர் நேரில் வந்து சண்டை போட்ட பிறகுதான் பட்டம் கிடைத்தது. என் ஒப்பந்தத்தை அடுத்த வருடம் புதுப்பிக்கவில்லை. அதைத்தான் பணி ஓய்வு என்று இன்று வரைக்கும் எழுதுகிறார்கள். பிரிவு விழாவில் பொன்னாடை போட்டு ஒரு நினைவுப் பரிசு கொடுத்தார்கள். கண்ணாடியில் செய்தது. யாரும் கிண்டலாகச் செய்யவில்லை. யோசிக்கவே இல்லை, அதுதான் விஷயம்.

வை.பி. அலுவலகம் அந்தப் பக்கம் மறுபடி எட்டிப் பார்க்கவில்லை. இப்போது அங்கே இரும்புக் கால்களும் தகரக் கூரையும் கொண்ட ஒரு கூடம் நிற்கிறது. ஹரிணி வரைந்தாள், பெற்றோர் சேர்ந்து கோத்தோங் ரோயோங்காக, கூலி வாங்காமல் கட்டினார்கள். சுவர் கிடையாது, நாலு பக்கமும் கம்பி வலை. உள்ளே நிற்கும் பிள்ளை ரோட்டுக்குத் தெரியும். கால்கள் இறங்கினால் ஜாக்கி வைத்து நிமிர்த்தலாம்.

போன வாரம் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு ஹரிணியோடு போயிருந்தேன். அவள் இப்போது கிள்ளானில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். கூடத்தில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அம்மா, நாங்கள் யார் என்று தெரியாமல், விசிறிக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"முன்ன இங்க அழகா ஒரு கண்ணாடிக் கூடம் இருந்துச்சு. காலேஜ்ல ரெண்டு பொம்பளைங்களுக்குப் பொறாமையாம். அது சரியில்ல இது சரியில்லன்னு சொல்லிச் சொல்லியே இல்லாமப் பண்ணிட்டாங்க."

ஹரிணி என் முழங்கையை அழுத்தினாள். வேண்டாம் மிஸ் என்று அர்த்தம். அவள் பொறுத்துக்கொள்கிறாள், இளையவள், இன்னும் நிறைய வேலை இருக்கிறது அவளுக்கு. எனக்கு அடங்கவில்லை.

"உங்க பிள்ள அப்ப இங்கதான் படிச்சுச்சா?" என்றேன்.

"ஆமா. அப்ப ஒண்ணாம் வகுப்பு. இப்ப மூணாவது."

"அந்தக் கண்ணாடி விழுந்தப்ப அது எங்க நின்னுச்சுன்னு கேட்டீங்களா?"

அந்த அம்மாவின் விசிறல் நின்றது. பிறகு மைதானத்துப் பக்கம் திரும்பி, "தர்ஷினி, இங்க வா" என்று கூப்பிட்டார். முழங்காலெல்லாம் மண்ணாக ஒரு சின்னப் பெண் ஓடி வந்தாள்.

"அன்னிக்குக் கண்ணாடி விழுந்துச்சே, நீ எங்கடி நின்ன?"

"மரத்துக்கிட்ட." கையை நீட்டிக் காட்டினாள். "நான் உள்ளதான் போகப் பாத்தேன்மா, பூப் பறிக்க. டீச்சர் கைய இழுத்துப் புடிச்சிட்டாங்க."

அவளுக்கு ஓட்டப் பந்தயம் இருந்தது. திரும்பி ஓடப் பார்த்தாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.